‘லைட்’டுக்கு எதிர்ச்சொல் ஒன்றுதானா? ஓர் ஆங்கில எதிர்ச்சொல் அட்டைப் பெட்டி பற்றிய மதிப்புரை

என் மகள் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த ஜூன் மாதத்தில், பெங்களூரு அவென்யூ ரோட்டில் பாடநூல்களும் நோட்டுப் புத்தகங்களும் விற்கும் கடை ஒன்றில், ஆங்கில எதிர்ச்சொல் அட்டைகள் அடங்கிய பெட்டி ஒன்றை 350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். உள்ளே 240 அட்டைகள் இருந்தன. ஒவ்வோர் அட்டையிலும் முன்பக்கம் ஒரு சொல், பின்பக்கம் அதன் எதிர்ச்சொல், இரு பக்கத்திலும் வண்ணப் படம். “எல்லா ஸ்கூல் பசங்களும் இதைத்தாங்க வாங்கிட்டுப் போறாங்க” என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கிய நான், ஏழு மாதம் அதை நாள்தோறும் புழங்கிய பிறகு இதை எழுதுகிறேன். பெட்டியை வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. அதே கடையில் அடுக்கியிருந்த வேறு மூன்று நிறுவனங்களின் பெட்டிகளையும் பின்னர் பார்த்தேன், குறை எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அட்டை கெட்டியானது, மூலைகளை வளைவாக வெட்டியிருப்பதால் குழந்தையின் விரலைக் குத்துவதில்லை, பையில் போட்டுத் தூக்கிச் சென்றாலும் மடங்குவதில்லை. எழுத்துகள் பெரியவை. இடது மூலையில் ஒரு துளை இட்டு வளையம் கோத்திருக்கிறார்கள். பயணத்தின்போது இருபது அட்டைகளை மட்டும் வளையத்தில் மாட்டி எடுத்துச் செல்லலாம். அல்சூரிலிருந்து ஊருக்குப் போகும் நான்கு மணி நேரப் பஸ் பயணத்தில் இந்த வளையம் எங்களுக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. ‘ஏன்ஷியன்ட்’ என்றால் ‘மாடர்ன்’, ‘அரைவல்’ என்றால் ‘டிபார்ச்சர்’ என்பது போன்ற, ஒரு பொருளே உடைய சொற்களுக்கு இந்த அட்டைகளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

குறை தொடங்குவது 112ஆம் அட்டையில். முன்பக்கம் ‘லைட்’, மேலே மஞ்சளாக எரியும் குண்டு பல்பு. பின்பக்கம் ‘டார்க்’, நீல வானம், ஒரு பிறை, மூடிய சன்னல். எடுத்த எடுப்பில் இதில் தவறு ஏதும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. ஆகஸ்டு மாதத் தேர்வில், ‘இந்தப் பெட்டி லைட்டாக இருக்கிறது’ என்னும் பொருளுடைய ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்து, அடிக்கோடிட்ட சொல்லின் எதிர்ச்சொல்லை எழுதச் சொல்லியிருந்தார்கள். என் மகள் ‘டார்க்’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் ‘ஹெவி’ என்ற திருத்தம். ஆசிரியர் செய்தது சரிதான். விடைத்தாளையும் 112ஆம் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “அம்மா, அட்டையில இப்படித்தானே போட்டிருக்கு? நான் சரியாத்தானே படிச்சேன்?” என்று அவள் கேட்டபோது எனக்கு மனம் மிகவும் வருந்தியது. அவள் சரியாகத்தான் படித்திருந்தாள், அட்டைதான் அவளுக்குச் சொல்ல வேண்டியதில் பாதியை மறைத்திருந்தது.

அன்றிரவு அந்த ஒரு சொல்லைப் பற்றித் தெரிந்ததையும் அகராதியில் கிடைத்ததையும் எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ‘லைட்’ என்று ஒரே எழுத்தில் எழுதப்படுவன உண்மையில் இரண்டு தனிச்சொற்கள். வெளிச்சம் என்னும் பொருளுடையது ஒரு வேரிலிருந்தும், எடை குறைந்தது என்னும் பொருளுடையது வேறொரு வேரிலிருந்தும் வந்து, பழைய ஆங்கிலக் காலத்திலேயே வடிவில் ஒன்றாகிவிட்டன. முதலாவதற்கு லத்தீனில் ‘லுக்ஸ்’ உறவு. இரண்டாவதற்கு லத்தீனில் ‘லெவிஸ்’ உறவு, சமஸ்கிருதத்தில் ‘லகு’ உறவு. அந்த லகுதான் தமிழில் இலகு ஆயிற்று. நாம் ‘இலகுரக வாகனம்’ என்று எழுதும்போது ஆங்கில ‘லைட்’டின் தூரத்துச் சொந்தக்காரச் சொல் ஒன்றைத்தான் எழுதுகிறோம். வண்டியிலிருந்து இறங்குவதைக் குறிக்கும் ‘அலைட்’ என்ற வினையும் எடைப் பொருளின் குடும்பத்தைச் சேர்ந்ததே. இறைச்சிக் கடையில் ஆட்டு நுரையீரலை ஆங்கிலேயர் ‘லைட்ஸ்’ என்று சொல்லி வந்ததும் அது எடை குறைந்ததாக இருப்பதால்தான். தமிழரும் அதே உறுப்பைப் பார்த்து நுரை என்றே பெயர் வைத்தோம் என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. வேர்களே இரண்டாக இருக்கும்போது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே எதிர்ச்சொல்லை அச்சிட்டது அட்டைக்காரர்களின் முதல் பிழை.

வேரை விட்டுவிட்டுப் புழக்கத்தைப் பார்த்தால் எதிர்ச்சொற்கள் இன்னும் பெருகுகின்றன. எங்கள் தெருமுனையில் காபிப்பொடி அரைத்துக் கொடுக்கும் கடை ஒன்று உண்டு. கொட்டையை வறுக்கும் பக்குவத்தைப் பற்றி அங்கே பேசும்போது ‘லைட் ரோஸ்ட்’டுக்கு எதிர் ‘டார்க் ரோஸ்ட்’, ஏனென்றால் பார்ப்பது நிறத்தை. அதே கடையின் வாசலில் டம்ளரில் காபி வாங்கிக் குடிப்பவர் ‘லைட்டா ஒண்ணு’ என்றால், அதற்கு எதிர் ‘ஸ்ட்ராங்கா ஒண்ணு’. இங்கே பார்ப்பது டிகாக்‌ஷனின் அளவை. வறுத்த கொட்டைக்கு ஓர் எதிர்ச்சொல், அதே கொட்டையில் இறங்கிய காபிக்கு வேறு எதிர்ச்சொல், இரண்டும் பத்தடி தூரத்துக்குள். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராங்’ காபிக்கு எதிர் ‘வீக்’ காபிதான். ‘லைட்’ என்பது நம் கடைகளில் வளர்ந்த ஆங்கிலம். தேர்வில் எழுதும் குழந்தைக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

தூக்கம் லைட்டாக இருந்தால் அதற்கு எதிர் ‘டீப்’. தண்டனை லைட்டாக இருந்தால் எதிர் ‘சிவியர்’. பேச்சு லைட்டாக இருந்தால் எதிர் ‘சீரியஸ்’. சங்கீதத்தில் ‘லைட் மியூசிக்’குக்கு எதிரே வைப்பது ‘கிளாசிக்கல்’. அடுப்பை லைட் செய்வது என்ற வினையாக வந்தால் எதிர் ‘எக்ஸ்டிங்க்விஷ்’ அல்லது ‘புட் அவுட்’. ‘லைட் ஹார்ட்டட்’டுக்கு எதிராக ‘ஹெவி ஹார்ட்டட்’ உண்டு. ஆனால் ‘லைட் ஹெடட்’ என்பதற்கு எதிராக ‘ஹெவி ஹெடட்’ என்று யாரும் சொல்வதில்லை. தமிழிலும் அப்படியே. மனம் லேசாகும், மனம் கனக்கும். ஆனால் தலை கிறுகிறுப்பதற்கு எதிர்ச்சொல் தலைக்கனம் ஆகாது. ஒளியாண்டு என்று நாம் சொல்லும் ‘லைட் இயர்’ போன்ற கூட்டுச் சொற்களுக்கு எதிர்ச்சொல்லே கிடையாது என்பதையும் குழந்தைக்கு யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் மறுபக்கம் உண்டு என்று அட்டை பழக்கிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் தமிழ் வீட்டில் வளரும் குழந்தைக்கு ஒரு பெரிய வசதி இருப்பதை நான் கண்டுகொண்டேன். ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்து வைத்ததைத் தமிழ் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. வெளிச்சத்துக்கு இருட்டு, லேசுக்குக் கனம், வெளிர் நீலத்துக்குக் கருநீலம், இளம்பச்சைக்குக் கரும்பச்சை, கோழித்தூக்கத்துக்கு ஆழ்ந்த தூக்கம், தூறலுக்குப் பெருமழை, சிற்றுண்டிக்கு முழுச்சாப்பாடு, மெல்லிசைக்குச் செவ்விசை. ஆங்கில வாக்கியத்தில் உள்ள ‘லைட்’டை ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்தால், எந்தப் பொருள் என்பது அந்தக் கணமே பிரிந்து நின்றுவிடும், அதன் தமிழ் எதிர்ச்சொல்லிலிருந்து ஆங்கில எதிர்ச்சொல்லுக்குப் போவது எளிது. பள்ளியில் அவள் படிக்கும் கன்னடமும் இதற்குத் துணை நிற்கிறது. ‘பெளகு’க்குக் ‘கத்தலெ’, ‘ஹகுர’வுக்குப் ‘பார’ என்று அவளே இரண்டு மொழியையும் ஒட்டிப் பார்த்துச் சொன்னாள். ஆங்கிலம் படிக்கும் நேரத்தில் தாய்மொழியைப் பேசினால் குழப்பம் வரும் என்று சொல்பவர்கள் பெங்களூருவில் நிறைய இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் குழப்பத்தைத் தீர்த்தது தாய்மொழிதான் என்பதை அழுத்தமாகவே பதிவு செய்ய விரும்புகிறேன்.

நம் இலக்கண மரபு இதை மிக முன்பே வகுத்து வைத்திருக்கிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல் என்ற வகை பேசப்படுகிறது. அத்தகைய சொல்லின் பொருள் அதனோடு சேரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் தெளியும் என்கிறது நூற்பா. மா காய்த்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. வினையும் இனமும் சார்பும் இருக்க வேண்டுமானால் வாக்கியம் இருக்க வேண்டும். என் கையிலிருந்த 240 அட்டைகளில் ஒன்றில்கூட வாக்கியம் இல்லை. நிகண்டு என்னும் பழைய செய்யுள் அகராதிகளை எழுதியவர்களும் பல பொருள் உடைய சொற்களை மற்றவற்றோடு கலக்கவில்லை. திவாகரத்திலும் சூடாமணி நிகண்டிலும் பன்னிரண்டு தொகுதிகளில் பதினோராவதை ஒருசொல் பலபொருளுக்கென்றே ஒதுக்கினார்கள். அட்டை தயாரித்தவர்கள் அப்படி ஓர் ஐம்பது சொற்களைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று அட்டைகள் கொடுத்திருந்தால் இந்தப் பெட்டி எவ்வளவோ உயர்ந்திருக்கும்.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. சில எதிர்ச்சொற்களுக்கு நடுவே இடமில்லை, சிலவற்றுக்கு நடுவே நிறைய இடமுண்டு. பரீட்சையில் ‘பாஸ்’ இல்லையென்றால் ‘ஃபெயில்’, இடையில் ஒன்றும் கிடையாது. ஆனால் லைட்டுக்கும் ஹெவிக்கும் இடையில் படிகள் இருக்கின்றன, அந்தப் படிகளைச் சமுதாயம் எண் போட்டுக்கூட வகுக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை பெய்தால் லேசான மழை, 15.6 முதல் 64.4 வரை மிதமான மழை, 64.5க்கு மேல்தான் கனமழை. மோட்டார் வாகனச் சட்டம் 7,500 கிலோவில் கோடு போட்டு இலகுரக வாகனத்தைப் பிரிக்கிறது; அந்தக் கோட்டுக்குள் வரும் சரக்கு வண்டியை இலகுரக உரிமம் உள்ளவரே ஓட்டலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வரை போய், ஓட்டலாம் என்று 2024 நவம்பரில்தான் முடிந்தது. ‘லைட்’ எங்கே முடிகிறது என்பதை ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து பேச வேண்டியிருந்த நாட்டில், அதை ஒரு பல்பு படத்தோடு முடித்துவிடுவது குழந்தைக்குச் செய்யும் நியாயம் ஆகாது. அட்டையின் ஓரத்தில் ஒரு சிறு படிக்கட்டு வரைந்து நடுச்சொல்லை எழுதியிருக்கலாம். அதற்கு வேண்டிய வெற்றிடம் ஒவ்வோர் அட்டையிலும் இருக்கிறது.

நானும் மகளும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டி முழுவதையும் பரப்பிப் பார்த்ததில், இதே குறை உள்ள அட்டைகள் 31 கிடைத்தன. எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை, இரண்டு போதும். ‘ரைட்’ அட்டையின் முன்பக்கப் படம் வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி. பின்பக்கச் சொல்லோ ‘ராங்’. படம் ஒரு பொருளைச் சொல்கிறது, எதிர்ச்சொல் வேறு பொருளைச் சொல்கிறது. இது கவனக்குறைவு, மன்னிக்கத் தக்கதன்று. அதே சொல் ஓசூர் பஸ்ஸின் கண்டக்டர் வாயில் வரும்போது அதற்கு எதிர் லெஃப்டும் இல்லை, ராங்கும் இல்லை, ‘ஹோல்டான்’. இதை என் மகள்தான் கண்டுபிடித்து எழுதி வைத்தாள். மற்றொன்று ‘ஃபேர்’. அட்டை ‘அன்ஃபேர்’ என்ற ஒன்றைத்தான் தருகிறது. நிறத்துக்கு ‘டார்க்’ என்பதும், ஆட்டத்தில் ‘ஃபவுல்’ என்பதும், வெயிலடிக்கும் நல்ல வானிலைக்கும் அதே ‘ஃபவுல்’ என்பதும் இல்லை. அவளுடைய பள்ளிப் பையிலேயே ஒரு ஃபேர் நோட்டும் ஒரு ரஃப் நோட்டும் இருக்கின்றன. அந்த எதிர்ச்சொல்லைக் குழந்தை தினமும் சுமந்துகொண்டு போகிறது, அட்டைக்கு அது தெரியவில்லை. சந்தை, திருவிழா என்னும் பொருளில் வரும் ‘ஃபேர்’ வேறு சொல், அதற்கு எதிரே எதுவும் இல்லை.

31 அட்டைகளையும் தூக்கி எறியாமல் திருத்தத் தொடங்கினோம். பின்பக்கப் படத்தின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, பொருளுக்கு ஒரு வரியாகச் சிறு வாக்கியமும், அதன் கீழே தமிழ்ச் சொல்லும், கடைசியில் எதிர்ச்சொல்லும் எழுதினோம். 112ஆம் அட்டைக்கு ஒரு தாள் போதாமல் இரண்டு அட்டைகள் ஆயின. விளக்கேற்றும் பொருளில் வரும் வரியை எழுதும்போது, எதிர்ச்சொல்லாக ‘விளக்கை அணை’ என்று மகள் எழுதப் போனாள். அருகில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்த என் மாமியார், “சாமி விளக்க அணைன்னு எழுதாத கண்ணு, மலையேத்துன்னு எழுது” என்றார். மின்விளக்கை அணைக்கலாம், குத்துவிளக்கை மலையேற்ற வேண்டும், அல்லது குளிர வைக்க வேண்டும். ஒரே வினைக்குத் தமிழிலும் இடம் பார்த்து எதிர்ச்சொல் மாறுகிறது என்பது அந்த அட்டையில் இப்போது நீல மையில் இருக்கிறது. இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த அட்டை அதுதான்.

பணம் கொடுத்து வாங்கியதைத் திருத்த எனக்கு ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் ஆயிற்று. எல்லாப் பெற்றோருக்கும் அந்த நேரம் இருக்காது; தமிழும் ஆங்கிலமும் இரண்டும் கைவசம் இருக்கும் பெரியவர் எல்லா வீட்டிலும் இருக்க மாட்டார். ஆகவே என் பரிந்துரையைத் தெளிவாகச் சொல்கிறேன். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, சொல்லை முதன்முதலாக அறிமுகம் செய்துகொள்ளும் குழந்தைக்கு இந்தப் பெட்டி ஏற்றதே. கெட்டி அட்டைக்கும் நல்ல அச்சுக்கும் 350 ரூபாய் கூடுதல் விலை இல்லை. நான்காம் வகுப்புக்கு மேல், வாக்கியத்தில் வைத்துக் கேட்கத் தொடங்கியபின், இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. அந்த வயதுக்கு ஒரு நல்ல கற்போர் அகராதி மேல். ஏ. எஸ். ஹார்ன்பி தோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே தம் நண்பர்களோடு தொகுத்து, 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்த மாணவர் அகராதியின் இன்றைய பதிப்புகளில், பொருள்களுக்கு எண் கொடுத்து, எதிர்ச்சொல் இருக்கும் பொருளின் கீழேயே அதைக் குறித்திருக்கிறார்கள். ‘லைட்’டைத் திறந்தால் ‘டார்க்’ ஓரிடத்திலும் ‘ஹெவி’ வேறிடத்திலும் கிடைக்கும். எடுத்துக்காட்டு வாக்கியமும் கூடவே இருக்கும். அல்சூர் ஏரிக்கு அருகில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் பக்கம் போகிறவர்கள் ஒரு தமிழ் அகராதியையும் தேடி வாங்கி அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டால், குழந்தை இரண்டையும் மாற்றி மாற்றிப் புரட்டும். என் மகள் அப்படித்தான் செய்கிறாள், அட்டைகளைவிட வேகமாகவும் செய்கிறாள்.

நிறுவனத்துக்கு 31 அட்டைகளின் எண்களையும் எழுதி, ஒவ்வொன்றிலும் எந்தப் பொருள் விடுபட்டிருக்கிறது என்ற குறிப்போடு மின்னஞ்சல் அனுப்பினேன். கிடைத்தது என்ற ஒரு வரிப் பதில் மட்டும் வந்தது.

டிசம்பர் விடுமுறையில் அதே கடைக்குப் போனபோது இதன் இரண்டாம் பகுதி விற்பனைக்கு வந்திருந்தது. திறந்து வைத்திருந்த மாதிரிப் பெட்டியிலிருந்து ‘ஷார்ப்’ என்ற அட்டையை எடுத்துத் திருப்பினேன். முன்பக்கம் கத்தி, பின்பக்கம் ‘பிளன்ட்’. ஸ்வரத்துக்கு ‘ஃபிளாட்’, அறிவுக்கு ‘டல்’, படத்துக்கு ‘பிளர்ட்’, வளைவுக்கு ‘ஜென்ட்டில்’, ஒன்றும் இல்லை. வாக்கியமும் இல்லை. பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, வெள்ளை அட்டைத்தாள் நூறும் ஒரு நீல மைப் பேனாவும் வாங்கிக்கொண்டு வந்தேன்.